ஞானம்மா செய்த சத்தியம்

எங்கள் வீட்டில் வேலைக்காரிக்குத் தனி டம்ளர் கிடையாது சார். நான் குடிக்கிற டம்ளரில்தான் ஞானம்மாவும் காபி குடித்தாள். நானும் வாலாஜாபாத் பக்கம் மண் சுமந்து வளர்ந்தவள்தான். உழைக்கிறவளின் அருமை எனக்குத் தெரியும்.

ஒருநாள் காலையில் தோசைக்கல்லில் அவள் கை சுட்டது. அதோடு வேலையை விட்டு நின்றுகொண்டாள். ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்ட் என் வீட்டுக்காரருடையது. வேலைக்காரி மேல் கை வைத்த வீடு என்று பேச்சு கிளம்பினால் காண்ட்ராக்ட் போய்விடும். ஊரில் நாலு பேரை வைத்துப் பேசி முடித்தோம். ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்தோம். அவளும் அம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்து, "நானாத்தான் சுட்டுக்கினேன், இனிமே போலீசு, கேசுன்னு எங்கயும் போ மாட்டேன்" என்று சத்தியம் செய்தாள். அதற்குமேல் எங்கள் பக்கம் பேச்சே கிடையாது.

ஆடியில் அவள் மகள் கவியா வந்தாள். போன் செய்கிற கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்க்கிற பெண். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"லேபர் ஆபீஸ்ல மனு குட்த்துக்கீறோம். அந்தப் பஞ்சாயத்து செல்லாது ஆன்ட்டி."

"உங்கம்மா கற்பூரம் அணைச்சவடி."

"எங்கம்மா மாதா கோயிலுக்குப் போறவங்க. உங்க கற்பூரத்த நீங்களே வச்சிக்கோங்க. கரண்ட் போனா உதவும்."

வெள்ளிக்கிழமைதோறும் என் பூஜை விளக்கைத் துலக்கிக் கொடுத்தவள் மாதா கோயில்காரி என்பது அன்றைக்கு எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அது எங்கள் தப்புதான்.

மகள் ஷிப்டுக்குப் போன நேரம் பார்த்து நானே ஞானம்மாவைத் தேடிப் போனேன். தழும்புக் கையோடு இருந்தவளை வேறு யாரும் வேலைக்கு வைக்கவில்லை. திரும்ப வா என்றேன்.

"வர்றேன்க்கா. ஆனா மனுவ வாபஸ் வாங்க மாட்டேன். நீங்க என் கைய பிட்ச்சி கல்லுல வச்சத ஒரு வாட்டி ஒத்துக்கோங்க. அது போதும்."

வைத்தது உண்மைதான். தோசை ஒரு பக்கம் வேகிற நேரம்கூட இருக்காது. தினம் தீய்த்தாள், சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் வந்தாள். கார் நிறுத்துகிற இடத்துக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி வருஷக்கணக்காக மூடிக் கிடந்தது. அதைக் கழுவச் சொன்னேன். என் அப்பா கிணற்றில் தூர் எடுக்கிறவர். மூடிக் கிடந்த கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்காமல் ஆளை இறக்க மாட்டார். விளக்கு அணைந்தால் உள்ளே மனுஷனுக்கும் மூச்சு இருக்காது என்பார். அவள் வருவதற்கு முன்னால் நானும் இறக்கிப் பார்த்தேன். அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினேன். மறுபடியும் அணைந்தது.

"இன்னாக்கா, இப்டி நாறுது?"

"பழைய தண்ணி. அப்படித்தான் இருக்கும்."

புடவையைச் சொருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். ஒருதரம் "அக்கா" என்றாள். நான் தள்ளவில்லை. மூடியைக்கூடத் தொடவில்லை.

ஷிப்டு முடிந்து அம்மாவைத் தேடி கவியா ஓடிவந்தாள். தொட்டிக்குள் பார்த்ததும் இறங்கப் போனாள். நான்தான் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். கடித்தாள், பிறாண்டினாள். விடவில்லை. இறங்கியிருந்தால் அவளும் போயிருப்பாள். இன்றைக்கு அந்தப் பெண் உயிரோடு இருப்பது என்னால்தான் சார். அதற்கு ஒரு நல்ல வார்த்தை இதுவரை அவள் வாயிலிருந்து வரவில்லை.