இழை ஒட்டுகிறவன்

ராஜபாளையம் ஆற்றங்கரைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு வந்தால், வாகை மரத்தடி பெஞ்சில் உட்காருங்கள் அய்யா. காலையில் வெயில் படாது. சாயங்காலம் மலைக்காற்று நேரே முகத்துக்கு வரும். எதிரே பழைய மில்லின் சிம்னி, இந்தப் பக்கம் ஆறு. ஆறு என்றால் முக்கால்வாசி நாள் மணலும் கோரைப்புல்லும்தான். இருந்தாலும் படித்துறை கட்டி, கலர் விளக்கு போட்டு, அந்த ஆறே கூச்சப்படுகிற அளவுக்குச் சிங்காரித்துவிட்டார்கள். நானும் லிங்கேஸ்வரன் மாஸ்டரும் ஒரு மழைக்காலம் முழுக்க அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்து பேசினோம்.

அவர் செத்ததை விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். ராஜபாளையம் ஸ்டேஷனுக்கே போயிருக்கலாம். ஆனால் அங்கே ஏட்டய்யா முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் என்னைத் தெரியும். "மைக்கேல் அண்ணாச்சி வந்துட்டாவ, நாற்காலியைப் போடுங்கலே, இன்னைக்கு நல்ல புளுகு இருக்கு" என்பார்கள். அதனால்தான் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். இப்படி ஒரு கதையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லாமல் போய்ச் சேர என்னால் ஆகாது.

மில் ஓடின காலத்தில் நான் நூல் நூற்கிற ரிங் ஃபிரேமில் சைடர், அதாவது இழை ஒட்டுகிறவன். வரிசையாகச் சுற்றுகிற கதிர்களில் எங்கே இழை அறுகிறது என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். அறுந்த இடத்தில் விரலை வைத்து, இந்தப் பஞ்சையும் அந்த நூலையும் சேர்த்து ஒரு திருகு. முடிச்சு கிடையாது. ஒட்டின இடத்தை ஒட்டினவனே கண்டுபிடிக்க முடியாது. அதுதான் வேலைக்கு அழகு.

மில் மூடி, கருவேலம் முளைத்து, பாம்பும் பன்றியும் குடியிருந்து, பிறகு ஒருநாள் அதைப் பூங்காவாக்கப் போகிறோம் என்றார்கள். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டிப் பழைய கதை சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். என்னைவிட்டால் வேறு யார். சிம்னி உச்சியில் ஏறினால் ஒரு பக்கம் கொல்லத்துக் கடலும் மறுபக்கம் தூத்துக்குடிக் கடலும் தெரியும் என்பேன். மில் சங்கு ஊதினால் தளவாய்புரத்தில் அடைகாக்கிற கோழி எழுந்து ஷிப்டுக்குக் கிளம்பும் என்பேன். ஜனம் சிரிக்கும். சிலர் எழுதிக்கொள்வார்கள். நிர்வாகி ஜெர்வின் தம்பி முதலில் முகம் சுளித்தார். என் சுற்றுக்கு மட்டும் டிக்கெட் மிச்சமில்லாமல் போவதைப் பார்த்த பிறகு, "அண்ணாச்சி, கொஞ்சம் கூட்டியே சொல்லுங்க" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

என் சம்சாரம் அன்னாளும் அதே மில்தான். ஆனால் பதிலி. நிரந்தர ஆள் வராத நாளில் கூப்பிடுவார்கள் என்பது பேருக்கு; கூப்பிடாத நாளே கிடையாது. பஞ்சுப் பேலை உடைத்து அடித்துத் தூசி பிரிக்கிற ப்ளோ ரூமில், பறக்கிற பஞ்சைக் கூட்டி அள்ளுவாள். வீட்டுக்கு வரும்போது புருவமும் இமையும் வெளுத்திருக்கும். "ஏட்டி கிழவி, எந்த ஊரு உனக்கு" என்று கேலி பண்ணுவேன். மில் மூடிய பிறகும் அந்தப் பஞ்சு அவள் நெஞ்சுக்குள் ஷிப்டு பார்த்தது. இருமி இருமி, இதோ உங்கள் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில்தான் அடங்கினாள்.

பூங்கா வாசலில் கருங்கல் சுவர் ஒன்று எழுப்பி, மில்லில் உழைத்தவர்கள் பேரையெல்லாம் வெட்டினார்கள். என் பேர் இருந்தது. சங்கு ஊதின வீரணன் பேர் இருந்தது. கேட்டில் தூங்கினவன் பேர்கூட இருந்தது. அன்னாள் பேர் இல்லை. பதிலி ஆட்களுக்கு அந்தக் காலத்து அதிகாரி யாராவது ஒருத்தர் வாயால் சொன்னால் போதும், சேர்த்துவிடுகிறோம் என்றார் ஜெர்வின் தம்பி. உயிரோடிருந்த அதிகாரி ஒரே ஒருவர்தான். ஸ்பின்னிங் மாஸ்டர் லிங்கேஸ்வரன்.

அவரைப் பூங்கா ஆபீசுக்கு அழைத்துவந்தார்கள். வெள்ளைச் சட்டை, விபூதி, சவரம் பண்ணின முகம். மில்லில் அவர் நடந்து வந்தால் கதிரெல்லாம் ஒரு சுற்று கூடச் சுற்றும் என்று நான் பெருமையாகவே சொல்வதுண்டு. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அன்னாள் சுடும் அச்சுமுறுக்கைத் தூக்குவாளி நிறைய வாங்கி, ஷிப்டு முடிவதற்குள் தின்று தீர்க்கிற மனுஷன். அந்த அறையில் பெரிய மனிதர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, அன்னாள் வேலை பார்த்தது உங்களுக்குத் தெரியுமே மாஸ்டர் என்றேன்.

"அன்னாளா?" என்றார். என்னையும் பார்த்தார், கூரையையும் பார்த்தார். "அப்படி ஒரு ஆள் இருந்ததா எனக்கு ஞாபகம் இல்லையே."

சரி, அடுத்தது என்றார்கள். அடுத்தது குடிதண்ணீர்க் குழாய் விஷயம். நான் உட்கார்ந்தேன். கோபப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபம் வருகிற சுபாவமே கிடையாது, ஊரைக் கேளுங்கள். ஞாபகம் இல்லை என்கிறவருக்கு ஞாபகம் வரவைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அடுத்த வாரம் அவர் மருமகள் சுகந்தி அவரைக் கையைப் பிடித்து நடத்தி, அந்த வாகை மரத்தடிக்குக் கூட்டிவந்தது. நல்ல பிள்ளை. மாமாவுக்கு மறதி நோய் என்று மெதுவாகச் சொன்னது. செத்துப்போன அத்தையைத் தேடுகிறாராம். மருமகளை நர்ஸ் என்று கூப்பிடுகிறாராம். "பழைய ஆளுங்க யாராச்சும் கூட உக்காந்து மில்லு கதை பேசினா நல்லதுன்னு டாக்டர் சொல்லுதாரு. நீங்க செத்த நேரம் பேசுவியளா அண்ணாச்சி?" என்று கேட்டது.

அப்படியானால் ஆபீசில் அவர் சொன்னது திமிர் இல்லை, நோய். அதோடு விட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் நினைத்தேன். ஒரு டீ குடித்து முடிகிற வரை நினைத்தேன். பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இழை அறுந்து பஞ்சு சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்குச் சொல்லித்தரவில்லை.

முதலில் நிஜத்தையே சொன்னேன். சங்குச் சத்தம், வெயிலில் காயும் பஞ்சு வாசம், ஆயுதபூஜைக்கு மிஷினெல்லாம் சந்தனம் பூசி மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. அவர் முகம் மலரும். பிறகு ப்ளோ ரூமில் தீப்பிடித்த கதை. அதுவும் நிஜம்தான். ஒரு தீபாவளி சமயம் பொறி விழுந்து நாலு பேல் கருகியது. ஆளுக்கொரு வாளி தண்ணீர் ஊற்றி அணைத்து, அதே சூட்டில் டீ குடித்தோம். ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. பூங்கா போட்டவர்கள் அந்தச் சுவரில் அழகுக்காகக் கரிப்பூச்சு பூசியிருந்தார்கள். அது எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தொடச் சொன்னேன். தொட்டுப் பார்த்து, "ஆமா, தீ" என்றார்.

அந்த இடத்தில் விரலை வைத்து ஒரு திருகு. உள்ளே ஒரு பொம்பளை மாட்டிக்கொண்டாள் என்றேன். யார் என்றார். அன்னாள் என்றேன். மாடியில் பலகைத் தளத்தில் பஞ்சு அள்ளிக்கொண்டிருந்தாள், இறங்க முடியவில்லை, இரும்புக் கதவை யாரோ சாத்திவிட்டார்கள் என்றேன். யார் சாத்தினது என்று கேட்டார். அவருடைய இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருக்கிறது எம்புட்டு அபூர்வம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவரும் தன் கைகளைப் பார்த்தார். அப்புறம் அழ ஆரம்பித்தார்.

மறுநாள் வந்தால் எல்லாம் மறந்து சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார். மறுபடியும் சங்கிலிருந்து தொடங்குவேன். ஒரு கெட்ட சேதியை மனுஷன் ஒரு தடவைதான் முதல் தடவையாகக் கேட்பான். இவர் தினமும் முதல் தடவையாகக் கேட்டார். அதே அதிர்ச்சி, அதே கண்ணீர், என் காலைத் தொட அதே மாதிரிக் குனிவார். "விடுங்க மாஸ்டர், பழசு" என்று தூக்கிவிடுவேன். பாவமாக இல்லையா என்றால், இருந்தது. ஆனால் எங்கள் தெருவில்கூட அன்னாளுக்காக இப்போது யாரும் அழுவதில்லை அய்யா. இவர் ஒருத்தர் மட்டும் தினமும், நேற்றுச் செத்தவளுக்கு அழுகிற மாதிரி அழுதார். எனக்கு அதைப் பார்க்கப் பசியெடுத்தது. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்தபோது ஒட்டு இறுகிவிட்டது. நான் ஆரம்பிக்கும் முன்பே ப்ளோ ரூம் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெற்ற பிள்ளைகள் பேர் போய்விட்டது. அன்னாள் பேர் நின்றது.

சுகந்தி ஒருநாள் கிண்ணத்தில் இனிப்புப் பணியாரம் கொண்டுவந்து கொடுத்து, நீங்கள் பேசுவதில் மாமாவுக்குப் பழசெல்லாம் வருகிறது என்று கும்பிட்டது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டது. "வீட்லயும் அன்னாள், அன்னாள்னு அழுவுதாரு. சாப்பாடு எறங்க மாட்டேங்குது. அது யாரு அண்ணாச்சி?"

நான் அதன் முகத்தையும் பார்த்தேன், மரத்தையும் பார்த்தேன். "அப்படி ஒரு ஆள் இருந்ததா எனக்கு ஞாபகம் இல்லையேம்மா" என்றேன். சிரிப்பை அடக்குவது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

மார்கழியில் ஒலி ஒளிக் காட்சி தொடக்கவிழா வைத்தார்கள். அந்தி மயங்குகிற நேரம், ஆற்றங்கரை முழுக்க ஜனம். பழைய சங்கை ரிப்பேர் பண்ணி ஊதப் போகிறார்கள். ப்ளோ ரூமில் சிவப்பு விளக்குப் போட்டுப் புகை மிஷினால் புகை விடப் போகிறார்கள். இந்தத் தீ விபத்துக் காட்சி வைக்கலாம் என்று ஜெர்வின் தம்பிக்கு யோசனை சொன்னதே நான்தான். ஒத்திகையும் பார்த்தேன். மாடிப் படியில் கயிறு கட்டி, ஏறக்கூடாது என்று போர்டு வைத்திருந்தார்கள். மேலே பலகையெல்லாம் கறையான் தின்று அப்பளமாக இருந்தது. அதையும் பார்த்தேன்.

விழா அன்று சுகந்தியை முன்வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டு, மாஸ்டரை நான் பெஞ்சுக்குக் கூட்டிவந்தேன். சங்கு ஊதியது. கோழி எழுந்ததோ என்னவோ, மாஸ்டர் எழுந்துவிட்டார். ப்ளோ ரூம் ஜன்னல்கள் வழியாகப் புகை வந்தது. அவர் முதுகு நிமிர்ந்தது. அந்த மழைக்காலம் முழுக்க என்னைத் தம்பி என்றும் கம்பவுண்டர் என்றும் கூப்பிட்டவர், அப்போதுதான் மில்லில் கூப்பிடுகிற அதே குரலில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஏலே மைக்கேல், உள்ள யாரும் இருக்காகளா?"

அய்யா, இந்த இடத்தைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் அவரைத் தள்ளவில்லை. தொடக்கூட இல்லை. இல்லை மாஸ்டர், இது நாடகம், உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நிறையவே நேரம் இருந்தது.

"அன்னாள் இருக்கா மாஸ்டர்" என்றேன். "மாடியில."

ஓடினார். அந்த வயசில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. இதைக் கூட்டிச் சொல்லவில்லை. கயிற்றைத் தாண்டி, படியேறி, "அன்னாளு, கதவத் தொறந்துட்டேன், வா தாயி" என்று கத்தினது ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டது. ஜனம் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. பலகை முறிந்த சத்தத்துக்கும் கைதட்டினார்கள். சுகந்தி ஒருத்திதான் தட்டவில்லை. அது எழுந்து ஓடுவது மட்டும் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் ஊர் முழுக்க ஒரே கேள்விதான், யார் அந்த அன்னாள். பத்திரிகைக்காரர்கள் என்னிடம்தானே வர வேண்டும். சொன்னேன். இருமிச் செத்தவள் என்று எங்கள் தெருவில் ஒன்றிரண்டு பேர் முனகினதை யார் கேட்டார்கள். இப்போது கருங்கல் சுவரில், எல்லாப் பேருக்கும் மேலே, பித்தளைப் பலகை வைத்திருக்கிறார்கள். மில் தீயில் உயிர்நீத்த தொழிலாளி அன்னாள், அவர் நினைவாகவே உயிர்விட்ட லிங்கேஸ்வரன். என் பேரைவிடப் பெரிய எழுத்து. போகிறவர்கள் பூ வைக்கிறார்கள். அவளை இருமவைத்த மில்லை யாரும் குறை சொல்ல முடியாதபடி எல்லாம் அந்த ஒரு தீயின் தலையில் போய்விட்டது.

நான் வஞ்சம் வைத்துச் செய்தேன் என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பொறுத்தவரை ஒரு பெண்டாட்டிக்குப் புருஷன் செய்ய வேண்டியதைச் செய்தேன். சுகந்தியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பணியாரக் கிண்ணம் என் வீட்டில்தான் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் விசாரித்து முடிக்கிறபோது அந்தப் பலகையில் எழுதியிருப்பதை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். இருமிச் செத்தவளைப் பார்க்க யார் அய்யா டிக்கெட் வாங்குவார்கள்?