வெயிலை விழுங்கும் புகை

— மறுபடியும் மூட்டிட்டீங்களே க்ளோவிஸ்! தெக்குக் காத்து அடிச்சா மீனுக்குப் புகை போட மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணீங்களா இல்லியா?

— உள்ள வந்து கதவச் சாத்துங்க டாக்டரம்மா, புகை வீணாப் போகுது. சத்தியம் பண்ணது நான்தான். காத்து பண்ணலையே! காலையில வடக்கத்திக் காத்தா இருந்துச்சு, நம்பி மூட்டுனேன். பல்டி அடிச்சிருச்சு.

— இந்தப் புகை நேரா கலங்கரை விளக்கத்துக்குப் போகுது. அங்கதான என் கருவிய வச்சேன்.

— பொழுதன்னைக்கும் சூரியனையே பாத்துக்கிட்டு நிக்குமே, அதுவா? எங்க மச்சானும் அப்படித்தான். வேலைக்குன்னு கூப்பிட்டா மட்டும் காது கேக்காது.

— சிரிக்காதீங்க. கடல்லேருந்து பறந்து வர்ற உப்புத்தூள் வெயில நாலா பக்கமும் சிதறடிக்கும். கரித்தூள் அப்படியில்ல, விழுங்கிரும். காத்துல ரெண்டுல எது எவ்வளவுன்னு ஆராய்ச்சி பண்ணத்தான் என்னை இந்தக் கரைக்கு அனுப்புனாங்க. எனக்குக் கெடைச்சதெல்லாம் கரி! ஹாலிஃபாக்ஸ் ஆபீஸ்ல கேட்டாங்க, "ஓடில், அந்தப் பக்கம் எரிமலை ஏதாச்சும் இருக்கா?"ன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— க்ளோவிஸ் தீபோ இருக்கார்னு சொன்னேன்.

— அடேயப்பா, ஹாலிஃபாக்ஸ் வரைக்கும் நம்ம பேரு போயிருச்சா! இந்தாங்க, இந்த ஹெர்ரிங் மீனத் தின்னு பாருங்க. சூடு, மெதுவா.

— சண்ட போட வந்தவளுக்கு மீனக் குடுத்து வாயடைக்கிறீங்க.

— அடைக்க முடியுதா? தின்னுக்கிட்டே திட்டுறீங்களே. ஆனா ஒண்ணு, நீங்க சொன்ன கணக்கு எனக்குப் புரியுது. உப்பு எந்தங்கச்சி மாதிரி. அவ காதுல ஒண்ணு விழுந்தாப் போதும், ஊரு பூராத் தெறிக்கும். கரி என்னை மாதிரி. எல்லாத்தையும் முழுங்கிட்டு கம்முனு கெடக்கும்.

— நீங்களா கம்முனு இருக்கிறவரு? வந்ததுலேருந்து என்னைப் பேச விட்டீங்களா?

— மீனப்பத்தி, காத்தப்பத்தின்னா வாய் நிக்காதும்மா. வீட்டுக்காரி கண்ண மூடுனப்புறம் மத்தது எதுவும் வாய்ல வர்றதில்ல.

— இன்னொரு மீன் குடுங்க.

— எடுத்துக்கோங்க. இங்க பாருங்க, இனிமே உங்களுக்கு இந்தத் தொந்தரவே கெடையாது. நேத்துதான் முடிவு பண்ணேன். இந்தப் புகைக் கொட்டாயப் பிரிச்சு மேட்டுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி தோட்டத்துல போட்டுக்கிறேன். மரமெல்லாம் வந்து எறங்கிருச்சு. எந்தக் காத்து அடிச்சாலும் ஒரு பொட்டுப் புகை உங்க பக்கம் வராது.

— எதுக்கு?

— எதுக்கா? வாரம் தவறாம வந்து கத்துனது நீங்கதான? இந்த முட்டிவலியோட கலங்கரை விளக்கம் வரைக்கும் நடந்து வந்து உங்க கருவிகிட்ட மன்னிப்புக் கேக்க முடியல. இதாச்சும் செய்யிறேனே.

— வேணாம் க்ளோவிஸ். பிரிக்காதீங்க.

— உங்க வேல கெட்டுப்போகுதுன்னீங்களே!

— கெடல.

— அப்போ கருவி?

— அதக் கழட்டி போன மாசமே ஹாலிஃபாக்ஸுக்கு அனுப்பிட்டேன்.