அடிமண்ணில் கிடைத்த சொல்

மேடையில் வீற்றிருக்கும் தலைமைப் போதகர் அவர்களே, இறையியல் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, நடவை விட்டுக் கரையேறி ஈரக்காலோடு வந்து நிற்கும் தாய்மார்களே! தமிழாசிரியன் துரைராசுவின் வணக்கம்.

நம் கிரேக்கப் பண்டிதர் குழந்தைராஜ் அவர்கள் மறைந்துவிட்டாராம். மறைந்தாரா? எனக்கென்னவோ, சீர்காழி வாய்க்கால் கரையில், தூறலில் குடையை விரிக்க மறந்து, ஏதோ ஒரு சொல்லை முணுமுணுத்தபடி அவர் இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவே தோன்றுகிறது.

நான் கடவுள் இல்லை என்கிற கட்சி. அவர் கடவுளைக் கிரேக்கத்தில் தேடுகிற கட்சி. இருபது ஆண்டு ஒரே அறையில் குப்பை கொட்டினோம்! அவர் எழுதிவந்த கிரேக்க அகராதிக்குத் தமிழ்ச் சொல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் சண்டை ஒரு சொல்லில் வந்து நின்றது. ஹுப்போஸ்தாசிஸ்! அடியில் நிற்பது என்று நேர்ப்பொருள். பிதா, சுதன், ஆவி என்ற மூவரில் ஒவ்வொருவரையும் ஆதித் திருச்சபையார் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள்.

"ஆள் என்று போடுங்களேன்" என்றேன். அவர் ஒப்பவில்லை. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த அன்று, கண்ணாடித் தம்ளரில் மொண்டுவந்து ஜன்னலில் வைத்து, அரைநாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கலங்கல் தெளிந்து வண்டல் அடியில் தங்கியது.

"தமிழய்யா, இந்த வண்டலுக்கும் அதே பேருங்க. நிலப் பத்திரத்துக்கும் அதே பேரச் சொல்லியிருக்காங்க."

"உங்க கிரேக்கருக்குச் சொல் பஞ்சமா?" என்று கேலி செய்தேன்.

பிறகு, மிராசுதார் நிலத்தில் நெடுநாள் குடியிருப்போருக்கே அந்த மனை சொந்தம் என்று குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. இதோ பின்வரிசையில் நிற்கிறாரே அம்சம் அம்மாள், இவர் குடிசையில் ஸ்தல விசாரணை. "போன வருஷந்தான் வந்து ஒண்டினா" என்று சாதித்தார் மிராசுதாரின் காரியக்காரர்.

"என்னம்மா ஆதாரம்?" என்றார் அதிகாரி.

"நாந்தாங்க இருக்கேனே!"

நம் பண்டிதர் என்ன செய்தார்? கடப்பாரை கேட்டார்! மூலையில் தரையை ஒரு முழம் வெட்டினார். பொங்கலுக்குப் பொங்கல் மண் போட்டு மெழுகிய தரை, ஏடு ஏடாகத் தெரிந்தது. அதிகாரியே குனிந்து விரல் வைத்து எண்ணினார். பத்தொன்பது! மனை அம்சம் அம்மாளுக்கு என்று தீர்ப்பானது.

"இதுக்கு என்னம்மா பேரு?" என்று அந்த மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார் பண்டிதர்.

"அடிமண்ணுங்கய்யா."

அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். வரும் வழியில், "இப்பவாவது அகராதியில எழுதுங்க" என்றேன்.

"அந்தத் தெருவுல இன்னும் பதினோரு வீடு இருக்கு தமிழய்யா. அதுவும் ஆகட்டுங்க."

வெள்ளிக்கிழமை அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து அகராதியைத் திறந்தேன். அந்தச் சொல்லுக்கு நேரே வெற்றிடம். தாங்க முடியவில்லை, தோழர்களே!

வரும் திங்கட்கிழமை அந்தப் பதினோரு வீட்டுக்கும் விசாரணை. கடப்பாரையை நான் தூக்கிவருகிறேன். நீங்களும் வாருங்கள். கடைசி வீட்டுத் தரையையும் எண்ணி முடித்த அன்று, கடவுள் இல்லை என்று எழுதிப் பழகிய இந்தக் கை, அவருடைய ஆண்டவனுக்கான சொல்லை அங்கே எழுதும்: அடிமண்.