கிணற்றுக்கு எங்கள் சொல்

புது பூட்ஸ் போட்டுக்கொண்டு காட்டுக்கு வருகிறவர்களை நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை, ஐயா. மனசுக்குள் நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமாக இடிபாடுகளுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறேன். கோபுர உச்சியில் கையை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டு, பழைய ராஜாக்களின் சக்தி காலிலிருந்து ஏறுகிறது என்பார்கள். ஏறுவது எறும்பு. நான் குனிந்து தட்டிவிடுவேன். ஒரு அம்மாள் செச்செம் மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும், வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மரம் தன்னோடு பேசுகிறது என்றாள். பேசியிருக்கும். பத்து நாள் கொப்புளம்.

இத்தனை வருஷத்தில் ஒருவரைக்கூட நான் தொலைத்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டர் அர்மெந்தா தலைநகரிலிருந்து தன் காரிலேயே வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கின டாக்டர். ஐந்து நாளைக்குத் தனக்கு மட்டும் ஒரு வழிகாட்டி வேண்டும், கூட்டம் ஆகாது என்றார். எங்கள் மாயா மொழியைப் பதினொரு வருஷம் புத்தகத்தில் படித்தவராம், ஸ்பானிஷ் வேண்டாம், அதிலேயே பேச வேண்டும் என்றார். நான் அதைப் படித்ததில்லை. அம்மா திட்டும்போது காதில் விழுந்ததுதான்.

வந்த அன்று மத்தியானம் எர்மிலா சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ஊரில் பாதிப்பேர் அங்கேதான் சோளரொட்டிக்குக் காத்திருந்தார்கள். டாக்டர் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி மாயாவில், ஏழுவாசல் இடிபாட்டில் இருக்கிற பழைய கிணறுகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். இங்கே ஒரு சங்கதி இருக்கிறது, ஐயா. முதல் எழுத்தைப் பல்லுக்குப் பின்னால் வெடிக்கவிட்டு, நடுவில் மூச்சை நறுக்கென்று வெட்டிச் சொன்னால், 'செ-என்', கிணறு. வெடிப்பும் வெட்டும் இல்லாமல் வழவழவென்று இழுத்தால், 'சேன்', சும்மா என்று அர்த்தம். டாக்டர் இழுத்தார்.

நான் மரியாதையாகத்தான் சொன்னேன்.

"டாக்டர், நீங்க கேட்டது 'பழைய சும்மாவப் பாக்கணும்'னு ஆயிடுச்சு."

அவர் சிரித்தார். வாத்தியார்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"இல்ல எவாரிஸ்தோ. நானூறு வருஷத்து ஏட்டுல ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான். நீங்கதான் பேசிப் பேசிக் கெடுத்து வச்சிருக்கீங்க. எங்க, எங்கூடச் சொல்லுங்க. சேன்."

பழைய அச்சுக்காரன் எவனோ எழுத்துக்கு மேல் ஒரு கோடு போட மறந்திருக்கிறான். டாக்டர் அதை இலக்கணமாக்கி எடுத்து வந்துவிட்டார்.

"விளையாடாதீங்க டாக்டர்."

"சும்மா சொல்லுங்க. தப்பில்ல. சேன்."

அவர் கை என் தோள்மேல் இருந்தது. சொன்னேன். மூன்று தடவை சொல்ல வைத்தார். மூன்றாவது தடவை "அருமை" என்றார்.

என் மனைவியின் தம்பி போர்ஃபீரியோ வாயில் ரொட்டியோடு சிரித்துப் புரையேறிவிட்டான். "ஐயோ மச்சான், இந்த வயசுல ஒன்ன ஒண்ணாப்புல ஒக்கார வச்சிட்டாரே!"

எர்மிலாவும் விடவில்லை. "எவா அண்ணே, பலகையும் குச்சியும் வாங்கியாரச் சொல்லவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது என்னைப் பாதித்தது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். அன்று சாயங்காலத்துக்குள் என் பெயர் 'ஒண்ணாப்பு' ஆகிவிட்டது, உண்மை. எங்கள் ஊரில் பட்டப்பெயர் வைத்தால் கல்லறைவரை கூட வரும். பெட்ரோல் போடப் போனால், "வா ஒண்ணாப்பு, வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?" வீட்டில் என் மனைவி கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் சிரிப்பு எனக்குப் பின்னாலிருந்து பார்த்தாலும் தெரியும்.

நான்கு நாள் அவரைக் காட்டில் சுற்றிக் காட்டினேன். பாம்பு இருக்கிற கல்லை முன்கூட்டியே தட்டினேன். செச்செம் மரம் வரும்போதெல்லாம் கையைப் பிடித்து விலக்கினேன். அவரோ நான் வாயைத் திறந்தால் திருத்தினார். கொசுவைத் திருத்தினார். மழையைத் திருத்தினார். கூரைமேல் பெய்கிற மழையின் பெயர் அந்த ஆளுக்குத்தான் தெரியுமாம்.

ஐந்தாம் நாள் காலை ஏழுவாசலுக்குப் பின்புறம் நடந்தோம். பழைய ஆட்கள் அங்கே மழைநீர் சேர்க்கப் பாறையைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். இப்போது வெடித்து வறண்டு கிடக்கிறது. வாய் சின்னது, உள்ளே பானை வயிறு மாதிரி அகலம். விழுந்தால் சுவரைப் பிடித்து ஏற முடியாது. நாங்கள் அதையும் கிணறு என்றுதான் சொல்வோம். வாயைச் சருகு மூடியிருக்கும். தெரிந்தவனுக்குத்தான் தெரியும். டாக்டர் எனக்கு நான்கடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். வழிகாட்டிக்கு முன்னால் நடக்கிறவரை என்ன செய்வது?

நான் எச்சரித்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், முக்கியம். "செ-என்" என்றேன். வெடிப்பு இருந்தது, வெட்டு இருந்தது. என் அம்மா கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருப்பாள்.

டாக்டர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "என்ன, சும்மாவா? சும்மான்னா நடப்போம்!" என்று சிரித்துக்கொண்டே காலை வைத்தார்.

கையைப் பிடித்து இழுத்திருக்கலாமே என்பீர்கள். இழுத்திருக்கலாம். ஸ்பானிஷில் ஒரு கத்தல் கத்தியிருக்கலாம். ஆனால் மாயாவில்தான் பேச வேண்டும் என்று முதல் நாளே நிபந்தனை போட்டவர் அவர். நான் சொன்ன சொல் காப்பாற்றுகிறவன்.

விழுந்ததில் கணுக்கால் முறிந்திருந்தது. மற்றபடி நல்ல உணர்வோடுதான் இருந்தார். நான் விளிம்பில் உட்கார்ந்து, "டாக்டர், நீங்க இப்ப எதுக்குள்ள இருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் ஸ்பானிஷில் கத்தினார். காத்திருந்தேன். கடைசியில் மாயாவில் தண்ணீர் என்றார். அந்தச் சொல்லின் முடிவிலும் ஒரு வெட்டு உண்டு, பரவாயில்லாமல் வந்தது. என் தண்ணீர்க் குடுவையைப் போட்டேன். கேட்டதைக் கொடுக்காதவன் இல்லை நான்.

ஊரில் எர்மிலா கேட்டாள், "டாக்டரு எங்கண்ணே, சாப்பிட வரலயே?" கூடாரம் போட்டுக் காட்டிலேயே தங்கிப் படிக்கிறார் என்றேன். காட்டில் இருந்தார், படித்துக்கொண்டும் இருந்தார். அதில் பொய் எங்கே இருக்கிறது?

அவர் விழுந்த இரண்டாம் நாள் காலை போனேன். ரொட்டி என்று சரியாகச் சொன்னார், இரண்டு போட்டேன். பிறகு அந்தச் சொல்லுக்கு வந்தோம். முதலில் வரவில்லை. தொண்டை காய்ந்திருந்தது, அதனால்கூட இருக்கலாம். இருபது தடவைக்கு மேல் சொல்ல வைத்திருப்பேன். திடீரென்று கீழேயிருந்து வந்தது, "செ-என்." அப்பழுக்கில்லாமல், பாறைச் சுவரில் பட்டு எதிரொலித்து வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. "அருமை" என்றேன். பதினொரு வருஷம் புத்தகம் சொல்லித்தராததை நான் இரண்டு நாளில் சொல்லிக்கொடுத்தேன். போர்ஃபீரியோ அங்கே இருந்து கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கயிறு கொண்டுபோனேன். தடிமனான சணல் கயிறு, மரத்தில் சுற்றிக் கட்டினால் மாட்டையே தூக்கலாம். உங்கள் ஆட்கள் என் பையிலிருந்து எடுத்தது அதுதான். என்ன நோக்கத்தோடு கொண்டுபோனேன் என்று கேட்டீர்கள். காப்பாற்றத்தான். வேறெதற்கு? அதன் நுனியை அவர் பார்க்கும்படி வாயோரம் தொங்கவிட்டேன்.

கயிற்றுக்கு எங்கள் சொல் 'சூம்'. வெடிப்பு கிடையாது, வெட்டு கிடையாது. ஆடு கட்டப் போகிற பெண் காலையில் முதலில் கேட்கிற சொல். டாக்டருக்கு அது தெரியவில்லை. அரசர்கள் பெயர் தெரியும், நட்சத்திரங்கள் பெயர் தெரியும், பலி கொடுக்கிற கத்திக்கு நான்கு பெயர் தெரியும். அவர் படித்த ஏடுகளில் யாரும் எதையும் கட்டித் தூக்கவில்லை போலிருக்கிறது.

"எவாரிஸ்தோ, கயித்த எறக்குங்க. உங்க கால்ல விழறேன், கயித்த எறக்குங்க." ஸ்பானிஷிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். "மாயாவுல கேளுங்க டாக்டர்" என்றேன். மத்தியானம்வரை பொறுமையாகக் காத்திருந்தேன். கொசு என்னைத் தின்றுவிட்டது. பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். அடுத்த நாள் போனபோது கீழேயிருந்து சத்தமில்லை. பின்னாலேயே வந்திருந்த போர்ஃபீரியோ எட்டிப் பார்த்துவிட்டு வாந்தி எடுத்தான். அன்றைக்கு அவன் என்னை ஒண்ணாப்பு என்று கூப்பிடவில்லை.

ஆகவே நீங்கள் எழுதியிருக்கிற 'கொலை' என்ற சொல் தவறு. திருத்திவிடுங்கள். அந்த மனிதர் என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை, நடந்தது அவ்வளவே. வேற்று மொழியில் ஒருவர் கத்தினால் நான் என்ன செய்ய முடியும்?

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்கிறீர்கள். எதற்கு வீண் அலைச்சல்? காலையிலிருந்து நாம் ஸ்பானிஷில்தானே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஒரு சொல் விடாமல் புரிகிறது.