கல்மேடையின் நுனியில் பார்க்க வேண்டியது

மதிப்புக்குரிய இன்ஜினியர் பெல்லாசியோ அவர்களுக்கு,

அன்று அந்த உணவு விடுதியில் நீங்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தீர்கள், முழங்கால் வலிக்கிறதென்று காலை நீட்டிக்கொண்டு. ஜன்னலோரம் உங்கள் மனைவி ஒத்தாவியா. உங்கள் இருவருக்கும் எதிரே, வாசலுக்கு முதுகைக் காட்டியபடி நான். பரிமாறுகிற ட்ராகோ வேகவைத்த பன்றி இறைச்சித் தட்டோடு வந்து வந்து போனான். வேறு யாருமில்லை. போரா காற்று அடிக்கிற நாளில் திரியெஸ்தேவுக்கு வெளியூர்க்காரர்கள் வருவது குறைவு. யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிட்டால் பிறகு பேச்சு மாறாது. முஜ்ஜா பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படித்தான் எழுதப் பழக்கினார்கள்.

ஒத்தாவியாவின் அடக்கத்தின்போது என் கைகளைப் பிடித்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னீர்கள். முழங்காலைச் சாக்காக வைத்து அவளைத் தனியாக அனுப்பிவிட்டேனே என்று அழுதீர்கள். நீங்கள் இன்னமும் அதையே சொல்லிக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் இருப்பதாக உங்கள் மகன் தொலைபேசியில் சொன்னார். தவறிக் கடலில் விழுந்தார் என்று துறைமுக அதிகாரிகள் எழுதி முடித்துவிட்டார்கள். நீங்களோ உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்கிறீர்கள். இரண்டும் சரியில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் கணவர் லீவியோ, வளைகுடாவுக்கு அந்தப் பக்கமிருந்த கப்பல் கட்டும் தளத்தில் குழாய்களுக்குக் கல்நார் சுற்றும் வேலை பார்த்தார். மாவு மில்லிலிருந்து வருகிறவரைப்போல வெள்ளையாக வீடு வருவார். அவருடைய வேலைச் சட்டையை நான் பால்கனியில் உதறித் துவைப்பேன். தூசி கெடுதல் என்று ஆட்கள் முணுமுணுத்தபோது இளம் இன்ஜினியர் ஒருவர் அவர்களைக் கூட்டிவைத்து, இது மாவைவிட மோசமில்லை, வேலையைப் பாருங்கள் என்றாராம். லீவியோ அன்று சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சிரித்தார். அந்த இன்ஜினியரின் பெயரையும் சொன்னார். பல வருஷம் கழித்து லீவியோவுக்கு மூச்சு நின்றது. நுரையீரல் கல்லாகிப் போயிருந்தது என்றார் மருத்துவர்.

ஊர் சுற்றிக்காட்ட ஆள் வேண்டுமென்று நீங்கள் தொலைபேசியில் கேட்டபோது அதே பெயரைச் சொன்னீர்கள். எனக்கு நேரம் இருக்கிறது என்றேன்.

நான் காட்டிய இடங்களில் ஒன்றும் சோடை போகவில்லை. மேட்டு நிலத்துச் சாலைமுனையில் இலைக்கொத்து தொங்கினால் அது காட்டும் பக்கம் போங்கள், ஏதாவது ஒரு பண்ணை வீட்டில் சொந்த ஒயினும் அவித்த முட்டையும் தருவார்கள் என்றேன், போனீர்கள், கிடைத்தது. ஆண்களையும் பெண்களையும் சுவர் வைத்துப் பிரித்த எங்கள் குளிக்கும் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். ஒத்தாவியா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உங்களைக் கூப்பிட்டுக் கேலி செய்தார். கப்புச்சினோ கேட்டு இத்தனூண்டு கோப்பை வந்ததும் நீங்கள் முகம் சுளித்தீர்கள். “இன்ஜினியரே, எங்க ஊர்ல கப்புச்சினோ இன்னும் குழந்தை. பெரிசு வேணும்னா காஃபெலாத்தேன்னு கேக்கணும்” என்றான் ட்ராகோ. அதற்குப் பிறகு என்னைக் கேட்காமல் நீங்கள் இருவரும் ஒன்றும் செய்ததில்லை.

விடுதியில் அன்று நான் உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். இளம் வயதில் அந்தக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்ததாக நீங்களே சொன்னீர்கள்.

“அந்தத் தூசியால நெறைய பேர் செத்தாங்கன்னு சொல்றாங்களே, இன்ஜினியரே?”

“சிகரெட்டால செத்தாங்க, சிஞ்ஞோரா. இந்த ஊர்க் காத்துல எந்தத் தூசி நிக்கும்?”

“வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க, கொர்ராதோ” என்றார் ஒத்தாவியா. பிறகு என் கைமேல் கை வைத்தார். “உங்க வீட்டுல யாராச்சும் அங்க வேலை பாத்தாங்களா?”

இல்லை என்றேன்.

அதுவரை என் கணக்கில் நீங்கள்தான் இருந்தீர்கள். அவர் கையை எடுத்து, திட்டியதற்குச் சமாதானமாக உங்கள் விரல்களைத் தேடிப் பிடித்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. சாகிறவருக்கு ஒரு நாளோடு சரி. மிஞ்சுகிறவர் தினமும் இரண்டு தட்டு எடுத்து ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டும்.

கடலுக்குள் நீளும் கல்மேடையின் நுனியில் வெண்கலத்தில் திசை காட்டும் தட்டு இருக்கிறது, தெளிந்த வானத்தில் போரா வீசும் நாளில் அதைப் பார்க்காமல் போகக் கூடாது என்றேன். முழங்காலைத் தடவிக்கொண்டு நீங்கள் மறுப்பீர்கள் என்று தெரியும். ஒத்தாவியா கோட்டை எடுத்தார்.

“சட்டைப்பையில கல்லைப் போட்டுக்கிட்டுப் போங்க, சிஞ்ஞோரா. இல்லாட்டி வெனிஸ்ல போய்த்தான் இறங்குவீங்க” என்றான் ட்ராகோ. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

போரா ஒரே சீராக வீசாது. மூர்க்கமாக அடித்துவிட்டுச் சட்டென்று அடங்கும். அந்த அமைதியில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் கப்பல் கயிறு மாட்டும் இரும்புத் தூணைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். அடுத்த அடி அதைவிடப் பெரிதாக வரும். வெளியூர்க்காரர்கள் காற்று நின்றுவிட்டதென்று நடப்பார்கள். என்னிடம் வருகிற எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்வேன். உங்களுக்குச் சொல்லவில்லை. அலைத் தெறிப்பு கல்மேல் பனிக்கட்டியாக உறைந்திருப்பதையும் சொல்லவில்லை.

நான் கரையிலேயே நின்றேன். பாதி தூரத்தில் அவர் பயந்துவிட்டார். இரும்புத் தூண் ஒன்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்காமலே சரியானதைச் செய்திருந்தார். அப்போது காற்று அடங்கியது. திரும்பி வரட்டுமா என்று கையால் கேட்டார்.

நான் கையை உயர்த்தி, முன்னே போங்கள் என்று காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தூணை விட்டார்.

ஆகவே உங்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. கூடப் போயிருந்தால் நீங்கள் காப்பாற்றியிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாகச் சாப்பிடுங்கள். நீங்கள் நீண்ட நாள் இருக்க வேண்டும். இதைக் காவல்துறையிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். நான் வீட்டில்தான் இருப்பேன்.

உறைமேல் உங்கள் பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன். கணவன் மனைவி என்று இரண்டு பெயர் எழுதிப் பழகிய இடத்தில் ஒன்று எழுதினால் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது. இனி ஒட்ட வேண்டியதுதான். தபால்காரர் படியேறி வருகிற சத்தம் கேட்கிறது. அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், வழியில் தொலையாது.