ஏழு கோட்டுப் பச்சை

“நாப்பது வருசமா சுங்குடிக்குச் சாயம் ஏத்துறேன். ஒரு டேங்குக்குச் சாயம் ஏத்த எண்பதாயிரம்னு இன்னிக்குத்தான்டா கேக்குறேன்.”

“அது ஏழு கோட்டுப்பா.”

“ஏழு கோட்டு அடிச்சா பறக்குமா?”

“ரெண்டு பேரும் சத்தத்தக் குறைங்க. பக்கத்து வீட்டுல கேக்கும்.”

கேட்கத்தான் செய்தது. நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்குக் காது தேவைப்படாது.

விளாங்குடியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வாசலும் கேட்டும் பொது. ஜனகராஜ் குடும்பம் சௌராஷ்டிரர்கள். வெளியே வந்தால் நம்மைப் போலத் தமிழ், உள்ளே போனால் அவர்கள் பாஷை. சண்டை என்றால் கட்டாயம் அவர்கள் பாஷைதான். எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது என்று ஜனகராஜின் மனைவி சீதாலட்சுமி நம்பினார். கேட்கும் என்று அவர் பயந்தது சத்தத்துக்கு மட்டும். பன்னிரண்டு வருடம் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் எந்தப் பாஷையும் படிந்துவிடும். நான் அதைப் பேசிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் குரலைத் தாழ்த்தியிருப்பார்கள். மேலே இருப்பது என் மொழிபெயர்ப்பு.

அன்றைய சண்டை அவர்கள் ஒரே மகன் விஜய்ஆனந்தின் பைக்கைப் பற்றி. வாங்கியது இரண்டே கால் லட்சம், அதன்மேல் போட்டது மூன்று லட்சம். ஹேண்டிலை மாற்றினான், சீட்டை மாற்றினான், டேங்குக்குப் பச்சைப் பெயின்ட் ஏழு கோட்டு அடித்தான், தெருவே எழுந்து உட்காரும்படி ஒரு சைலன்சர் வைத்தான். கம்பெனிக்காரன் கொடுத்ததில் மிஞ்சியது சாவி ஒன்றுதான். அதிலும் தோல் வார் கோத்துவிட்டான். மழைத்தூறல் விழுந்தால் ஆட்டோவில் வேலைக்குப் போவான், வண்டி நனையக்கூடாதாம்.

ஒரு வண்டிக்கு இவ்வளவு செலவு தேவையா என்று என்னைக் கேட்டால், தேவையில்லை என்பேன். இதை நான் ஆற அமர யோசித்துத்தான் சொல்கிறேன். மைலேஜ் குறைந்தது, ஜனகராஜுக்குப் பிரஷர் ஏறியது. வரவுப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். அவன் போனால் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையில் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே பார்த்தார்கள். ஸ்கூல் பிள்ளைகள் போட்டோ எடுத்தார்கள்.

என் மகன் பாண்டியராஜனுக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே ஸ்கூல். மாட்டுத்தாவணியில் ஒரு பார்சல் ஆபீஸில் வேலை. சம்பளத்தை ஒன்றாம் தேதி என் கையில் கொடுத்துவிடுவான். என் வீட்டுக்காரர் தவறி ஆறு வருடமாகிறது, அவருடைய பழைய மொபெட்டைத்தான் ஓட்டினான். அவனை யாரும் திரும்பிப் பார்த்து நான் பார்த்ததில்லை. அவனுக்கு அதில் குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பனியனோடு உட்கார்ந்து அந்தப் பச்சை வண்டியைத் துடைத்துக்கொடுப்பான். சொந்த வண்டிபோல.

பேரையூரிலிருந்து அவனைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அம்மா ஒச்சாயி உள்ளே உட்கார்ந்து பஜ்ஜியைக் கையில் எடுத்திருந்தார். பெண்ணின் அண்ணன் உள்ளேயே வரவில்லை, வாசலில் வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“செம வண்டி மாப்ள. நம்மளுதா?”

“இல்லண்ணே, பக்கத்து வீட்டு விஜி வண்டி,” என்றான் என் மகன், ஏதோ பெருமை பேசுவதுபோல. “சாவி வாங்கித் தரட்டா? ஒரு ரவுண்டு போறீகளா?”

போனான். திரும்பி வரும்போது அந்தப் பையன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை ஒச்சாயி பார்த்தார். பஜ்ஜியைக் கடிக்காமலே என்னிடம் கேட்டார்: “அந்தப் பச்ச வண்டிக்காரத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சாத்தா?”

“அவங்க வேற ஆளுக. அவங்களுக்குள்ளதான் கொடுத்து எடுப்பாங்க.”

“ஓ,” என்றார். பிறகுதான் பஜ்ஜியைக் கடித்தார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. ஜாதகம் சேரவில்லையாம். ஜாதகம் பார்த்த பிறகுதான் வீடு பார்க்கவே வந்தார்கள். அதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

அதே மாதத்தில் பழங்காநத்தத்திலிருந்து விஜய்ஆனந்துக்கு ஒரு ஜாதகம் வந்தது. பெண் காவ்யஸ்ரீ, பி.காம். பெண்ணின் மாமா என்னிடம்தான் விசாரித்தார். தங்கமான பையன் என்று சொன்னேன், உள்ளதைத்தான் சொன்னேன். அந்தப் பெண் அவனை முதலில் பார்த்தது போட்டோவில் இல்லையாம், பைபாஸ் ரோட்டில் அந்த வண்டியிலாம். “அவரா, அப்படின்னா சரி” என்றாளாம். சுவர் வழியாக இரண்டு முறை கேட்டேன், சீதாலட்சுமி தன் அக்காவிடம் ஒரு முறை, தங்கையிடம் ஒரு முறை. நிச்சயத்துக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்க வந்த ஜனகராஜ் வாசலிலேயே நின்று சிரித்தார்.

“பாத்தீகளாம்மா, மூணு லட்சம் வீண் போகல. நான்தான் விவரம் தெரியாமக் கத்திட்டேன்.”

ஸ்வீட் நன்றாகத்தான் இருந்தது. நெய் போட்டிருந்தார்கள்.

இனி என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காலையில் கேட் பக்கம் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்காருவேன். யாராவது சைடு ஸ்டாண்டை எடுக்காமல் வண்டியைக் கிளப்பினால் “தம்பி, ஸ்டாண்டு” என்று குரல் கொடுப்பேன். கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவரோ கடன் வசூலிக்க வருகிறவரோ, எனக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. இடது பக்கம் திரும்பும்போது அந்த ஸ்டாண்டு தரையில் குத்தினால் வண்டியையே தூக்கி எறிந்துவிடும். புது வண்டிகளில் அதற்கு ஒரு சென்சார் உண்டு, ஸ்டாண்டு கீழே இருந்தால் இஞ்சின் ஓடாது. விஜய்ஆனந்த் வைத்த புது ஸ்டாண்டுக்கு அது பொருந்தவில்லை. ஒயரை வெட்டிவிட்டார்கள்.

“ஆபத்துல்லடா மாப்ள?” என்று என் மகன் அப்போது கேட்டான்.

“எனக்கு எதுக்குடா அது? ஈஸ்வரி அத்தை இருக்காங்கல்ல. அவங்களே சென்சாரு.”

மூன்று பேரும் சிரித்தோம். அவன் சொன்னதும் நிஜம்தான். ஒயரை வெட்டிய பிறகு இரண்டு மாதத்தில் நாலு தடவை நான் குரல் கொடுத்து அவன் ஸ்டாண்டை எடுத்திருக்கிறான்.

நிச்சயம் முடிந்த நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. காவ்யஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு அழகர்கோவில் போகிறான் என்று சுவர் வழியாகத் தெரியும். வெள்ளைச் சட்டை. ஹெல்மெட்டுக்குள் போன் பேசிக்கொண்டே வந்தான். நான் துளசித் தொட்டிக்குப் பின்னால் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வண்டியில் உட்கார்ந்தான், நிமிர்த்தினான், இஞ்சினை ஓடவிட்டுப் போன் பேச்சை முடிக்க நின்றான். ஸ்டாண்டு கீழே இருந்தது.

தெருமுனை நாற்பது அடி தூரம்கூட இருக்காது. அங்கே இடது பக்கம் திரும்பினால் திண்டுக்கல் ரோடு. அந்தப் பெண் இன்னும் வண்டியில் ஏறவில்லை என்பதையும் நான் நினைத்துப் பார்த்தேன். பிறத்தியார் பெண்ணுக்குக் கெடுதல் நினைக்கிறவள் இல்லை நான்.

எதிரே பூக்கூடையோடு மாயக்காள் வந்துகொண்டிருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள். கையை உயர்த்தி, “தம்பீ” என்று வாயெடுத்தாள்.

“மாயக்கா, மல்லி எம்புட்டு?” என்றேன். கொஞ்சம் உரக்கத்தான் கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “மொழம் நாப்பது தாயி. இந்தா, அந்தத் தம்பி வண்டில...”

“ரெண்டு மொழம் குடு.”

நான் பேரம் பேசாமல் எதையும் வாங்குகிறவள் இல்லை. அன்றைக்கு எண்பது ரூபாயை எடுத்து நீட்டினேன். அவள் மறுபடி கத்தியபோது அவன் கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டான், சைலன்சர் சத்தத்தில் அது எங்கே கேட்கப்போகிறது. அதற்கு மூன்று லட்சத்தில் ஒரு பங்கு கொடுத்திருக்கிறானே.

இரும்பு தாரைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு தண்ணீர் லாரி பிரேக் போட்ட சத்தம். டேங்கில் ஒரு கீறல்கூட இல்லை என்று பிறகு சொன்னார்கள். அவனுக்கு இடது கால், முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

ஆக, நான் பார்த்தேன். சொல்ல நேரமும் இருந்தது. சொல்ல வந்தவளையும் நிறுத்தினேன். இதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. நான் வண்டியைத் தொடவில்லை. ஒயரை வெட்டச் சொன்னது நானில்லை. தெருவில் போகிறவனுக்கெல்லாம் ஸ்டாண்டு சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சம்பளமும் தரவில்லை. பன்னிரண்டு வருடம் சும்மா செய்ததை ஒரு நாள் செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு மாதம் ரசம் சாதம் கொண்டுபோனேன். சீதாலட்சுமி என் தோளில் சாய்ந்து அழுதார், அவர்கள் பாஷையிலேயே அழுதார். முதுகைத் தடவிக்கொடுத்தேன். விஜய்ஆனந்த் கண்ணைத் திறந்த நாலாம் நாள் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“அன்னிக்கு நீங்க வாசல்ல இல்ல அத்தை. அதான் இப்படி ஆச்சு.”

“அடுப்புல பால் வச்சிருந்தேன்பா,” என்றேன்.

மாயக்காள்தான் பாவம். “நீ கூப்புட்ட நேரத்துல சொல்லாம விட்டுட்டேன் தாயி” என்று தலையில் அடித்துக்கொண்டாள். உன் மேல் தப்பில்லை என்று நான்தான் தேற்றினேன். அப்புறம் அவள் எங்கள் தெருவுக்கு வருவதை விட்டுவிட்டாள். இப்போது செல்லூர்ப் பக்கம் விற்கிறாளாம்.

காவ்யஸ்ரீ வீட்டில் பின்வாங்குவார்கள் என்று தெருவே எதிர்பார்த்தது. பின்வாங்கத்தான் பார்த்தார்கள். அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. வைகாசியில் கல்யாணம், நானும் போயிருந்தேன். செயற்கைக் காலுக்கும் டேங்குக்கு அடித்த கடையிலேயே கொடுத்து அதே பச்சையை அடித்து வாங்கியிருந்தான். வேட்டியை மடித்துக்கட்டி அவன் அதைக் காட்ட, மண்டபத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாயசம் வாங்காமல் வந்துவிட்டேன். மாடிப்படி இல்லாத வீடாகப் பார்த்துக் குடும்பத்தோடு பழங்காநத்தம் போய்விட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது ஒரு சத்தமும் இல்லை.

என் மகன் விபத்து நடந்த நேரத்தில் உள்ளே ஷேவ் செய்துகொண்டிருந்தான். பத்து நாள் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். “நீ பூ வைக்க மாட்டியேம்மா. அன்னிக்கு எதுக்கு ரெண்டு மொழம்?” சாமிக்கு என்றேன். சாமி படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அடுத்த மாதம் திருப்பூரில் வேலை கிடைத்ததென்று போய்விட்டான். ஒன்றாம் தேதி பணம் வருகிறது, போன் வருவதில்லை. ஐந்து ஜாதகம் பார்த்தேன், எதற்கும் அவன் பதில் சொல்லவில்லை.

எனக்கென்னவோ, நாங்கள் நன்றாக இருந்ததைப் பார்த்து இந்தத் தெருவில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுக்காரன் வாழ்ந்தால் பொறுக்காத ஜனங்கள் எந்த ஊரிலும் இருக்கத்தானே செய்கிறார்கள்.