ஒருக்களித்துப் படுக்கும் குழந்தைகள்

என் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. வாங்க வசதி இல்லாமல் இல்லை. பிரிட்ஜில் வைத்த சாப்பாடு செத்த சாப்பாடு என்பது என் கட்சி. காய் வந்தால் அன்றைக்கே சமைக்க வேண்டும், குடிக்கிறது எதுவானாலும் மண்பானையில் இருக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம். ஏனென்றால் உங்கள் போலீஸ்காரர்கள் அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு போனபோது ஏதோ நான் ஒளித்து வைத்திருந்த மாதிரி பேசினார்கள். மூன்று மாதமாக அது சமையலறை ஜன்னலோரம், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில்தான் இருந்தது. வாயில் வெள்ளைத் துணி கட்டி, அதன் மேல் தினமும் ஒரு செம்பருத்திப் பூ வைப்பேன். ஒளித்து வைக்கிறவள் பூ வைப்பாளா?

அஸ்வின் இன்று காலை கண் திறந்துவிட்டான் என்று சொன்னீர்கள். ரொம்ப சந்தோஷம். மூன்றரை வயதுக் குழந்தை, இரண்டு நாளாக அவனை நினைத்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அவன் பிழைத்துவிட்டான் என்றால் மற்றதை நிதானமாகப் பேசலாம். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் இசக்கியம்மாள். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஜெயராமன் மைன்ஸில் பெர்மனென்டாக இருந்தார். சர்வீஸில் இருக்கும்போதே போய்விட்டார், வேலை மகனுக்கு வந்தது, குவார்ட்டர்ஸும் அவன் பெயருக்கு மாறியது. அவன் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டால் நான் மட்டும்தான். அதனால் பக்கத்து பிளாக்குகளில் இருக்கிற வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். இப்போது பதினோரு பேர். முந்தாநாள் வரைக்கும் பதினோரு பேர்.

மற்ற இடங்களில் நூடுல்ஸ் கொடுப்பார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள். என் கேட்டில் ஒரு கரும்பலகை தொங்கும். அன்றைய சாப்பாடும் அது வந்த ஊரும் அதில் இருக்கும். காராமணிச் சுண்டல், மேல்பட்டாம்பாக்கம். பலாக்கொட்டைக் குழம்பு, காடாம்புலியூர். முருங்கைக்கீரை, அடுத்த வீடு. கடலூர் மாவட்டத்தைத் தாண்டி வந்த எதுவும் என் அடுப்பில் ஏறாது. நானே தாண்டி வந்தவள்தான், அதை யாரும் கேட்கவில்லை. கீரையை மூன்று தண்ணீரில் அலசினாலும் கொஞ்சம் அனல்மின் நிலையச் சாம்பல் ஒட்டியிருக்கும். அதுவும் உள்ளூர்ச் சாம்பல்தான் என்று நான் மனதைத் தேற்றிக்கொள்வேன்.

அஸ்வினின் அம்மா சண்முகப்ரியாதான் என் பெயரை ஊரெல்லாம் பரப்பியவள். ஆபீசர். டவுன்ஷிப் பெண்கள் சங்கத்திலும் முக்கியமானவள். பாக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற பெண். "உங்க கையில குடுத்துட்டா எனக்கு நிம்மதி ஆன்ட்டி, ஒரு கெமிக்கல் உள்ள போகாது" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் விடிகாலையில் எழுந்து உரலில் இடிப்பேன். உண்மையைச் சொன்னால், என் இருபத்தெட்டு வருஷத்தில் என்னை நம்பி ஒருத்தர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆனால் அவள் பெற்றது இருக்கிறதே, அது ஜன்னல் கம்பியில் ஏறித் தொங்கும். மத்தியானம் தூங்காது. தான் தூங்காதது போதாதென்று மற்ற பத்தையும் எழுப்பிவிடும். பதினோரு குழந்தைகள் ஒரு குவார்ட்டர்ஸ் ஹாலில் கத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குச் சத்தம் ஆகாது. கல்யாணமானதிலிருந்தே ஆகாது. வீடு அமைதியானால்தான் எனக்கு மூச்சே வரும்.

மாசி மாதக் கடைசியில் பட்டம்மாள் வந்தாள். காடாம்புலியூர்க்காரி, முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குகிறவள். கொட்டையைத் திருகி எடுத்த பிறகு பழத்தை அங்கே கீழே கொட்டிவிடுகிறார்கள். மேடம், அதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. பூச்சி மருந்து படாத பழம், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பழம், மண்ணுக்குப் போகிறது. இரண்டு கூடை கொண்டுவரச் சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுவந்து இறக்கினாள். உப்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்து பானையில் ஊற்றினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏம்மா, இன்னிக்கே ஊத்திக் குடுத்துடுங்க. வச்சிக்கினு இருந்தீங்கன்னா அதுவா பொங்கிக்கினு கெடக்கும்" என்றாள்.

அன்றைக்குப் பார்த்துக் குழந்தைகள் பாதிப் பேர் வரவில்லை. சனி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை காலை துணியை அவிழ்த்தால் பானை தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. மேலே நுரை. கீழே கொட்ட மனம் வரவில்லை, உணவை வீணாக்குவது எனக்குப் பிடிக்காத காரியம். வடிகட்டி, ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன்.

ஒரு மணிக்குப் படுத்த பிள்ளைகள் ஐந்து மணி வரை அசையவில்லை. இரண்டு மணிக்கு மைன்ஸில் ஷிஃப்ட் சங்கு ஊதியது, அதற்கும் அசையவில்லை. நான் ஹால் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மின்விசிறி சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பானையை நான் காலியாக விடவில்லை. தினமும் கொஞ்சம் மிச்சம் வைத்து, பட்டம்மாள் கொண்டுவரும் பழத்தைப் பிழிந்து அதன் மேலேயே புதுச்சாறு ஊற்றினேன். தயிருக்கு உறை ஊற்றுவதில்லையா, அந்தக் கணக்குதான். கரும்பலகையில் "முந்திரிப்பழச் சாறு, காடாம்புலியூர்" என்று எழுதினேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது.

குழந்தைகளிடம் நல்ல மாற்றம் தெரிந்தது. பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தவர்கள், இந்தா வைத்துக்கொள் என்று வலிய வலியக் கொடுக்க ஆரம்பித்தார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்கள். சத்யா என்று நாலு வயதுப் பெண், வாயே திறக்காது. அது ஒருநாள் மாவிலைத் தோரணம் கட்டிய தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவங்க அப்பாவுக்கு ஏன் இன்னும் புரோமோஷன் வரவில்லை என்று முக்கால் மணி நேரம் தூணுக்கு விளக்கியது. அஸ்வின் டவுசரைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு, "நான் யாருன்னு தெரியுமா?" என்று ஷூ ஸ்டாண்டைக் கேட்டான். நான் எல்லாவற்றையும் போனில் பிடித்து அம்மாக்களுக்கு அனுப்பினேன். எல்லாரும் சிரிக்கிற பொம்மை அனுப்பினார்கள். பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வந்துவிட்டது என்று சண்முகப்ரியா எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கொஞ்சம் தொல்லை. "வீட்ல இருந்தா எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான் ஆன்ட்டி. உங்ககிட்ட வந்தாத்தான் சரியாகறான்" என்றார்கள். வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் சொன்னேன். சிலர் வெட்கப்பட்டார்கள். ஒருத்தி வீட்டிலும் வரகரிசிக்கு மாறிவிட்டாள்.

சத்யாவின் அப்பா சுதாகர் ஒருநாள் குழந்தையைக் கூப்பிட வந்தவர், வெயிலாக இருக்கிறதே என்று மிச்சமிருந்த டம்ளரை எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இருக்குங்களாக்கா?" என்றார். மறுநாளிலிருந்து குழந்தையைக் கூப்பிட அவர்தான் வருவார், நாலு மணிக்கே வந்துவிடுவார். அவருக்கு இப்போதாவது பொறுப்பு வந்ததே என்று அவர் மனைவி எனக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. அவரையும் நீங்கள் விசாரிக்கலாம்.

நான் பொறுப்பில்லாமல் எதையும் செய்யவில்லை. என் வீட்டில் எந்தக் குழந்தையும் மல்லாந்து படுக்காது. எல்லாரையும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, புரளாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை அண்டக் கொடுப்பேன். தலைமாட்டில் ஆளுக்கொரு பேசின். எழுந்ததும் எலுமிச்சம்பழம் பிழிந்த மோர், உப்பு தூக்கலாக. அம்மாக்கள் எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள், இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று. அனுபவம் என்பேன்.

இப்போது போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

பெண்கள் சங்கத்திலிருந்து நல்ல உணவுக்கு என்று ஒரு கேடயம் கொடுக்கிறார்கள். என் பெயரைச் சொன்னதே சண்முகப்ரியாதான். மூன்று மணிக்கு ஐந்து பேர் பார்க்க வருவதாக ஏற்பாடு. குழந்தைகள் தூங்கும் அழகை நேரில் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். அஸ்வினுக்கு ஒரு டம்ளர் போதவில்லை. கொஞ்ச நாளாகவே போதவில்லை, பழகிவிட்டது. ஒன்றரை மணிக்குக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது கொடுத்தேன். இரண்டேகாலுக்கு மூன்றாவது. "கசக்குது" என்றான். வெல்லம் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டான்.

மூன்று மணிக்கு அவர்கள் சண்முகப்ரியாவோடு உள்ளே வந்தபோது என் ஹால் கோயில் மாதிரி இருந்தது. பதினோரு குழந்தைகள், ஒரே பக்கமாக ஒருக்களித்து. ஒரு அம்மாள் கையே எடுத்துக் கும்பிட்டார். போட்டோ எடுக்கலாம் என்றார்கள். சண்முகப்ரியா தன் மகன் பக்கத்தில் குனிந்தாள். "முகமே தெரியலையே ஆன்ட்டி" என்று சொல்லித் தலையணையை எடுத்துவிட்டு அவனை மல்லாக்கத் திருப்பினாள்.

மேடம், நீங்கள் நேற்று என்னிடம் கேட்டீர்கள், முந்திரிப்பழச் சாறு புளித்தால் என்னவாகும் என்று எனக்குத் தெரியாதா என்று. தெரியாது என்று சொன்னேன். அது சரியில்லை. முதல் திங்கட்கிழமை துணியை அவிழ்த்ததுமே தெரியும். பத்தொன்பது வருஷம் அந்த வாசனையைத்தான் நான் தரையிலிருந்து துடைத்தேன். ஜெயராமன் ஷிஃப்ட் முடிந்து மந்தாரக்குப்பம் பிராந்திக் கடைக்குப் போய்விட்டு வருவார். வந்தால் சத்தம், பாத்திரம் பறக்கும், நான் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொள்வேன். அவர் தூங்கின பிறகுதான் வீடு வீடாக இருக்கும். வெளியே வந்து அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, தலைமாட்டில் பேசின் வைப்பேன். ஒருநாள் ராத்திரி அலுப்பில் வைக்க மறந்துவிட்டேன். அவர் அப்படித்தான் போனார், மல்லாந்து. மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சை அடைத்துவிடும் என்று டாக்டர் எனக்குத் தெளிவாக விளக்கிச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே சண்முகப்ரியா அவனைத் திருப்பியபோது என்ன நடக்கும் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் வேண்டும். அதற்குள் எல்லாரும் போனைத் தூக்கிவிட்டார்கள். நானும் பின்னால் நின்று புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன். மூன்று போட்டோ எடுத்தார்கள். மூன்றாவதில்தான் அவன் திணற ஆரம்பித்தான்.

நான்தான் அவனைப் புரட்டினேன், வாயில் விரல் விட்டு வழித்தேன். கை தானாகச் செய்தது. அது இல்லாவிட்டால் இன்றைக்கு நீங்கள் வேறு கேஸ் எழுதிக்கொண்டிருப்பீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சண்முகப்ரியா என் மடியில் விழுந்து, "நான்தான் ஆன்ட்டி அவனைத் திருப்பினேன், என்னாலதான்" என்று அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அவளுக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருக்கத்தானே செய்கிறது.

டாக்டர் அவன் வாயை முகர்ந்து பார்த்துத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வந்ததும் வராததுமாக அவர் செய்தது என்ன? குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார். மூன்றரை வயதுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர், நேராக நரம்பில். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், வெளியே தள்ளிவிட்டார்கள்.

ஜெயராமன் குடித்தது கடைச்சரக்கு. எந்த ஊரில் செய்தார்களோ, என்ன கலந்தார்களோ. அதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

படித்துக் காட்டினீர்கள், கேட்டுக்கொண்டேன். பதினோரு குழந்தைகளுக்கும் மூன்று மாதம் தெரிந்தே கொடுத்தேன். அஸ்வினுக்கு அன்று மூன்று டம்ளர் கொடுத்தேன். அவனைத் திருப்பியபோது தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தை மட்டும் திருத்திக் கொடுங்கள் மேடம். "சர்க்கரை கலந்து கொடுத்ததாக" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நாட்டு வெல்லம். குழந்தைகளுக்குச் சர்க்கரை கொடுக்கிற ஆள் நான் இல்லை.